ரப்பர் மீனும் புறம்போக்கும்

அன்புள்ள அறிவழகனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. அதே உறையில் நீ மடித்து வைத்திருந்த நில விற்பனைக் காகிதமும் வந்தது. பத்திரிகையை உன் அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். காகிதம் அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிறது. அம்மா இங்கே, அம்மா இங்கே என்று நீ பென்சிலால் குறி போட்டு அனுப்பியிருந்த மூன்று இடத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்துப் பேசினால் அம்மா இளகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாய். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ "மீட்டிங் இருக்கும்மா" என்பாய், நான் சரி என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நீ கட்டிக்கொள்ளப்போகிற நிவேதாவும் இதைப் படிக்கட்டும். நம் தெருவில் யார் கேட்டாலும் வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ விற்கச் சொல்கிற நிலம் எப்படிப்பட்டது என்று நிவேதாவிடம் சொல்லியிருக்கமாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். ஆறு கடலோடு சேருகிற இடத்தில், அலையாத்திக் காட்டுக்கு இந்தப் பக்கம், அரை மா நிலம், பதினாறு சென்ட் இருக்கும். உன் தாத்தா பண்ணையில் வேலை செய்த காலத்தில் குடிசை போட்டிருந்த மனை. கூலி உயர்த்திக் கேட்ட வருடம் மிராசுதாரின் ஆட்கள் அந்தக் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அவர் மறுநாள் அதே குழியில் மூங்கிலை ஊன்றினார். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தபோது பட்டா வாங்கினார். பிறகு அதை மகன் பெயரில் எழுதாமல் மருமகள் பெயரில் எழுதினார். உன் அப்பா கட்சி மேடை போடுவதற்கு நிலத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று அவருக்குப் பயம். பயம் நியாயமானதுதான். உனக்கு அறிவழகன் என்று பெயர் வைப்பதற்காக ஒரு கூட்டத்தையே கூட்டி, மைக் பிடித்துப் பேசிய மனிதர் உன் அப்பா.

இப்போது அந்த அரை மாவுக்குக் கிழக்கேயும் மேற்கேயும் இறால் பண்ணை. இரண்டு பக்கமும் கம்பி வேலி தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது. நம் தெருப் பெண்கள் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போவதும், நான் தூண்டில் போடப் போவதும், நடுவில் இருக்கிற நம் நிலத்தின் வழியாகத்தான். நான் அந்த மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டால் இரண்டு வேலியும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு நம் தெருவுக்கு ஆறு இருக்கும், ஆற்றுக்குப் போக வழி இருக்காது. உன் காகிதத்தில் இந்த விஷயம் எங்கேயும் எழுதவில்லை. 'நான்கெல்லைக்கு உட்பட்ட' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

நீ இப்போது பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. அந்தக் கரையை நினைத்தாலே உனக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பதை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. நீ கல்யாணம் செய்துகொண்டு போகிற நேரத்திலாவது நான் பேசிவிட வேண்டும்.

உனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீயும் அப்பாவும் மதகுக்குப் போனீர்கள். உயிர் மடவை மீனைத் தூண்டிலில் கோத்து, வற்றத்தில் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போட்டு, ஒரு கொடுவா பிடித்தீர்கள். உன் கை நீளத்துக்கு இருந்தது. அந்த வருடம் மதகுப் பக்கம் மீன் பிடிக்கிற குத்தகையை எடுத்திருந்தவர் நம் ஒன்றியத்தில் பெரிய கட்சிக்காரரின் மைத்துனர். ஆட்சி மாறும்போது அவர்கள் வீட்டு வேட்டிக் கரையின் நிறம் மாறும், குத்தகை மாறாது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "புறம்போக்குப் பயலுவளா, எவன் தண்ணில எவண்டா மீன் புடிக்கிறது?" என்றார். உன் அப்பா கையை ஓங்கிவிட்டார். செய்தி தெருவுக்கு வந்து, நான் மாவு பிசைந்த கையோடு ஓடி வந்தேன்.

நான் வந்து என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் கையிலிருந்த மீனைப் பிடுங்கி, இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொடுத்தேன். "மன்னிச்சுக்குங்க ஐயா. இனிமே வரமாட்டாங்க" என்றேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், "நீ ஏம்மா குடுத்த?" என்று கேட்டாய். நடு ரோட்டில் உன்னை அறைந்தேன். உன் அப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை. நீ பேசினாய், ஆனால் அதற்குப் பிறகு மதகுப் பக்கம் போகவே இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த வாரம்தான் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு என் பெயர் போயிருந்தது. அந்தக் கட்சிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும், ஒரு வார்த்தை சொன்னால் போய்விடும். நான் மீனைக் கொடுத்தது பயத்தில் மட்டும் இல்லை, வேலைக்காகவும்தான். வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் நீ படித்தாய். ஒரு மீன் போனால் என்ன, பிள்ளை இன்ஜினியர் ஆகிவிட்டானே என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் நீ கேட்டது அதை அல்ல. என் மீனை என்னைக் கேட்காமல் ஏன் கொடுத்தாய் என்று கேட்டாய். கேட்ட பிள்ளையை அறைந்தேன். அது தப்பு. இருபது வருடம் கழித்துச் சொல்கிறேன், என்னை மன்னித்துக்கொள்.

நீ அந்தக் கரையை மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா இறந்த வருடம் லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு தூண்டில் ராடும் ரீலும் கொண்டு வந்தாய். கூடவே ஒரு டப்பா நிறைய ரப்பர் மீன். பஞ்சாக அமுங்குகிற உடம்பு, துடுப்பு மாதிரி ஒரு வால். ஒன்று கிளிப்பச்சை நிறம், ஒன்று வெள்ளை உடம்பில் சிவப்புத் தலை. "என்னடா இது, வெளையாட்டுச் சாமானா?" என்று கேட்டதற்கு, "சாஃப்ட் பிளாஸ்டிக்கும்மா. உசுரு மீனே தேவையில்ல. அங்க ஞாயித்துக்கெழமை ஆனா நாங்க இதுலதான் கொடுவா புடிக்கிறோம்" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் ஊர்க் கொடுவா என்ன, ரப்பரைத் தின்னுகிற அளவுக்குக் கேனையா என்று கேட்டேன். "வந்து பாரு" என்றாய். அப்படித்தான் இருபது வருடம் கழித்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கரைக்குப் போனோம்.

நீ சொல்லிக்கொடுத்தது ஒன்றுவிடாமல் எனக்கு நினைவிருக்கிறது. கோடையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது வெள்ளை ரப்பர் மீன். மேட்டூர் திறந்து கலங்கல் வந்துவிட்டால் கறுப்பு. ஈயத்தலை வைத்த தூண்டில் முள்ளில் ரப்பர் மீனை நேராகக் கோக்கவேண்டும், கோணினால் அது சுற்றும், சுற்றுகிற மீனை எந்த மீனும் நம்பாது. எறிந்த உடனே இழுக்கக் கூடாது. தரையைத் தொடவிட்டு, மெல்லத் தூக்கி, மறுபடி விழவிடவேண்டும். முக்கியமாக ஒன்று சொன்னாய். "மொத தட்டுல இழுக்காதம்மா. அது வாயில வச்சுப் பாக்குது. கனம் தெரிஞ்சப்புறம் இழு." நான் மூன்று நாள் முதல் தட்டிலேயே இழுத்து இழுத்து, வெறும் முள்ளைக் கரையேற்றினேன். காலமெல்லாம் உலை கொதிக்கிற சத்தம் கேட்ட உடனே மூடியைத் திறந்த கை, அதற்குப் பொறுமை எங்கிருந்து வரும்? நாலாம் நாள் கனம் தெரிகிற வரைக்கும் பொறுத்தேன். ஒரு கொடுவா தண்ணீரை விட்டு மேலே எழும்பித் தலையை உதறியது. நீ சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாய். கரையில் போட்டு அமுக்கியதும் மூச்சு வாங்க என்னிடம் சொன்னாய், "இந்த மீன யாருக்கும் குடுக்காதம்மா." நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். இருபது வருடமாக நீ எதையும் மறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று வேளை அதையே தின்றோம்.

லீவு முடிந்து நீ போய்விட்டாய். ராடைத் துடைத்துப் பரணில் வை என்றாய். நான் வைக்கவில்லை. ஓய்வு பெற்ற பெண்பிள்ளை காலையில் எழுந்து என்ன செய்வது? டிவி பார்ப்பதா? அலையாத்தி நிழல் தண்ணீரில் விழுகிற இடம் எனக்குப் பாடம். வற்றம் தொடங்கி வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் கலக்கிற நேரத்தில், குஞ்சு மீன் வெளியே வரும் என்று கொடுவா அந்த நிழலில் காத்திருக்கும். அங்கேதான் எறிவேன். தெருப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சேற்றில் இறால் தடவுகிறவர்கள், என்னைப் பார்த்து, "அக்கா, ரப்பர் வச்சா மீனு வரும்? அப்ப ரப்பர் அரிசி போட்டுப் பாருங்க, கோழி வரும்" என்றார்கள். முட்டாள்தனமும் செய்தேன். ரப்பருக்கு மீன் வாசம் வரட்டும் என்று எல்லாவற்றையும் கருவாட்டு டின்னில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் டின் கவிழ்ந்து கிடக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை கிளிப்பச்சையைக் கவ்விக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. மெல்லவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நல்லவேளை, முள் கோக்கவில்லை. அதற்குப் பிறகு யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை. வாரத்துக்கு ஒரு மீனாவது பிடிக்காமல் இருந்ததில்லை.

போன மாதம் ஒரு காலையில் எறிந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பண்ணை மேலாளர் தியாகு வேலி ஓரமாக வந்தான். உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன், மரியாதையான பையன். "யம்மா, இங்க நிக்காதீங்க. இது பண்ணை எல்லை" என்றான்.

"எல்லைக் கல்லு எங்கப்பா இருக்கு? பாத்துட்டு வந்து சொல்லு."

கல் அவனுக்குப் பின்னால், அவன் பக்கம் இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கல்ல விடுங்கம்மா. எப்படியும் நம்ம கைக்கு வரப்போற எடந்தானே."

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் நரம்பில் ஒரு தட்டு. நான் அசையவில்லை. "யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"உங்க மவன்தாம்மா. போன மாசமே மொதலாளிகிட்டப் பேசி முடிச்சிட்டாரே. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா கையெழுத்து போட்டுருவாங்கன்னு சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் கனம் வந்துவிட்டது. இழுத்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு மீன் என் கையில் சிக்கியதில்லை. ரீல் கிறீச்சென்று அலறியது. அது ஆற்றுப் பக்கம் ஓடியது, அலையாத்தி வேருக்குள் போகப் பார்த்தது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. நான் அழுதுகொண்டே சுற்றினேன். மீனுக்காக இல்லை என்பது உனக்குப் புரியும். தியாகுவுக்குத் தான் யார் என்பதே மறந்துபோனது. "விடாதீங்கம்மா! விடாதீங்க! எடது பக்கம் வாங்க!" என்று கத்திக்கொண்டு பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கிவிட்டான். "செவுள்ல கைய விடாதடா, அறுத்துரும்!" என்று நான் சொல்வதற்குள் விட்டுவிட்டான். கொடுவாவின் செவுள் ஓரம் பிளேடு. விரலில் ரத்தம் ஒழுக ஒழுக மீனை அணைத்துக்கொண்டு கரையேறி, சேற்றில் உட்கார்ந்து சிரித்தான். நான் துணிப்பையைக் கிழித்து அவன் விரலுக்குக் கட்டுப் போட்டேன்.

கட்டுப் போட்டு முடித்ததும் அவனுக்கு வேலை நினைவு வந்துவிட்டது. தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மா, மொதலாளி வீட்டுல ரொம்ப நாளா ஒரு கொடுவா கேட்டுக்கிட்டிருக்காங்க. இதக் குடுத்தீங்கன்னா... உங்க விஷயமும் சுமுகமா முடியும்."

அதே கரை. அதே மீன். மதகு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. என் இரண்டு கையும் தன்னால் மீனுக்கு அடியில் போயின, பழக்கப்பட்ட கை அல்லவா. "குடுக்கமாட்டேன்" என்றேன். அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வருவதற்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது, அறிவு. "ஒனக்குக் கொழம்பு வேணும்னா மத்தியானம் வீட்டுக்கு வா, ஒக்காந்து சாப்புடு. மொதலாளிக்கு இல்ல" என்றேன். அவன் வந்து சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். நீ மறைக்கவில்லை, அதற்கு ஒரு நன்றி. சென்னையில் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாய், கல்யாணம் முடிந்து நிவேதா அங்கேதான் வேலைக்குப் போகவேண்டும் என்றாய். எல்லாம் நியாயம். பிறகு சொன்னாய், "நீ தனியா அங்க கெடந்து என்னம்மா பண்ணப் போற? உப்புத் தண்ணி, கருவ முள்ளு. அது ஒரு எடமா? வெறும் புறம்போக்கும்மா." நான் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் மூக்குக்கு மேல் இருந்தது உண்மைதான். ஆனால் போனை வைத்ததற்குக் காரணம் அந்தச் சொல். எந்தச் சொல்லால் உன்னை ஒருவன் வைதானோ, அதே சொல்லை எடுத்து உன் தாத்தாவின் மனைமேல் நீ எறிந்தாய். எறிந்தது உனக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் அந்தச் சொல் காதுக்குள்ளேயே கிடந்து குடைந்தது. மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். அவள் என் சத்துணவுக் கூடத்தில் முட்டை சாப்பிட்டு வளர்ந்த பெண், இன்றைக்கும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். நிலக்கணக்கு எழுதுகிற அடங்கல் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, "புறம்போக்குன்னா என்னம்மா அர்த்தம்? திட்டற வார்த்தையா மட்டும் சொல்லாத" என்று கேட்டேன். சிரித்தாள். "ஜனங்க யாருக்கும் இல்லாத எடம்னு நெனக்கிறாங்கம்மா. எல்லாருக்கும் உள்ள எடம். ஆத்துப் புறம்போக்கு, பாதைப் புறம்போக்குன்னு இருக்கு பாருங்க. அத யாரும் விக்க முடியாது, வாங்க முடியாது, பட்டா போட்டுக்க முடியாது." எனக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி வாங்க முடியாது. நான் விற்க முடியாது. எனக்குப் பிறகு நீயும் விற்க முடியாது. "அப்ப என் எடத்தப் புறம்போக்கு ஆக்கணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எல்லாரும் புறம்போக்கைப் பட்டா ஆக்கித் தரச்சொல்லித்தான் வருவார்களாம், பட்டாவைப் புறம்போக்கு ஆக்கச்சொல்லி வந்த முதல் ஆள் நான்தானாம்.

செய்துவிட்டேன், அறிவு. ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும், எட்டடி அகலம், நிலத்துக்குச் சரியாக நடுவில், ஊருக்குப் பொதுப் பாதையாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊராட்சித் தலைவர் இழுத்தடிப்பார் என்று பயந்தேன். தேர்தல் கிட்டத்தில் இருக்கிறது, தீர்மானம் போட்டுக்கொண்டு மாலையோடு வந்துவிட்டார். அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளமாட்டேன், உன் அப்பா படத்துக்குப் போடுங்கள் என்றேன். பதிவு அலுவலகத்தில் எழுத்தர், "மவனுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். "பட்டா எம் பேருல இருக்கு தம்பி" என்றேன். இறால் தடவுகிற பெண்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கையில் இன்னும் சேற்று வாடை, அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினார்கள்.

உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்பாய். ஆமாம். நீயும் என்னைக் கேட்காமல்தான் பேசி முடித்தாய், நானும் ஒரு காலத்தில் உன்னைக் கேட்காமல் உன் மீனைக் கொடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், இதில் எதுவும் சரியாவது இல்லை. நம் வீட்டில் இந்த வழக்கம் என்னோடு தொடங்கியது, உன்னோடு நிற்கட்டும். நிவேதாவுடைய எதையும் அவளைக் கேட்காமல் யாரிடமும் கொடுத்துவிடாதே. நல்லதுக்காக என்றாலும் கொடுக்காதே. நானும் நல்லதுக்காகத்தான் கொடுத்தேன். கல்யாணப் புத்திமதி என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

புறம்போக்கையும் வளைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அம்மாவுக்கு உலகம் தெரியவில்லையே என்றும் நினைப்பாய். வளைப்பார்கள், தெரியும். முன்பு வேலி போட்டிருந்தால் நான் ஒருத்தி நின்றிருக்கவேண்டும். இனிமேல் போட்டால் தெருவே நிற்கும், கையில் பத்திரத்தோடு நிற்கும். முதலாளி இப்போதே தாசில்தார் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். தியாகு அதைச் சொல்வதற்கென்றே வீட்டுக்கு வந்தான். விரலில் தழும்பு இருக்கிறது. அவன் வேலை போய்விடக்கூடாது என்று நான்தான் சத்தம் போட்டு அனுப்பினேன். போகும்போது அந்த வெள்ளை ரப்பர் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனான்.

சென்னை வீடு தள்ளிப்போகும். வாடகை வீட்டில் குடும்பம் தொடங்குவது ஒன்றும் அவமானம் இல்லை, நானும் உன் அப்பாவும் ஒற்றை அறையில்தான் தொடங்கினோம். என் ஓய்வூதியத்தில் உனக்கு வீடு வாங்கித் தர முடியாது. அதற்காக வருத்தப்படுகிறேன், வெட்கப்படவில்லை. கல்யாணத்துக்கு வருவேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். உங்க அம்மா என்ன செய்கிறார்கள் என்று பெண்வீட்டார் கேட்டதற்கு, ஓய்வு பெற்ற அரசு அதிகாரி என்று நீ ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறாயாம். பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர், இப்போது மீன் பிடிக்கிறார் என்று திருத்திச் சொல். நீ சொல்லாவிட்டால் நான் பந்தியில் சொல்லிவிடுவேன்.

மறுவீடு முடிந்து இரண்டு பேரும் இங்கே வாருங்கள். எட்டடி அகலம், சேர்ந்து நடக்கலாம். ராடைத் துடைத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். கிளிப்பச்சை ரப்பர் மீனில் பூனைப் பல் பட்டிருக்கிறது, இருந்தாலும் வால் நன்றாக ஆடுகிறது. நீ பிடிக்கிற முதல் மீனை யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே.

பட்டாவில் மீதி இருக்கிற இரண்டு ஓரத்துத் துண்டும் எனக்குப் பிறகு உனக்கு. அதில் குட்டை வெட்ட முடியாது, வேண்டுமானால் தென்னை வைத்துப் பார். நடுவில் இருப்பதுதான் உண்மையில் உனக்காக நான் எழுதியது. இனிமேல் எவனாவது உன்னைப் பார்த்துப் புறம்போக்கு என்றால் கையை ஓங்காதே, தலையையும் குனியாதே. "ஆமாம், எங்கம்மா எழுதிக் கொடுத்தது" என்று சொல்.

மூன்று இடத்தில் கையெழுத்துப் போடாத, நாலாவது இடத்தில் போட்டுவிட்ட,
உன் அம்மா